பர்கூர் மலையிலும் திறக்க வேண்டிய திரை: நலச் செயலியின் வேகத்தை அளப்பதும் கூட்டுவதும்

கோவை சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ உள்ள ஓர் அலுவலகத்தில், நல்ல வைஃபை இணைப்பில், புதிதாக வாங்கிய கைபேசியில் சோதித்துப் பார்க்கப்படும் எந்தச் செயலியும் வேகமாகத்தான் திறக்கும். அதே செயலியை அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில், தாமரைக்கரைப் பக்கத்து வீடொன்றின் திண்ணையில், சில ஆண்டுகள் பழகிய கைபேசியில், ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் ஒரு சுகாதாரத் தன்னார்வலர் திறக்கும்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் நாம் அளக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுவது ஊர்ப்புறத்தில் பழகிப்போன காட்சியாகிவிட்டது. அத்தகைய இடத்தில் திரை திறக்கத் தாமதமானால், "சித்த இருங்காத்தா, இன்னுஞ் சுத்தீட்டே இருக்குது" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியவர் நிரலாளர் அல்லர், வாசலில் நிற்பவர்தான். இரண்டு முறை அப்படிச் சமாளித்தவர் மூன்றாம் முறை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய்விடுவார், அந்த அளவீடு செயலிக்குள் வராமலேயே போய்விடும்.

இந்த வழிகாட்டிக்காக ஓர் எளிய செயலியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதில் நோயாளிகளின் பட்டியல் இருக்கிறது. ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய கடைசி இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள், பரிசோதனைக் கூட அறிக்கைகளின் படங்கள் ஆகியவை ஒரே திரையில் வருகின்றன. தன்னார்வலரும் பயன்படுத்துகிறார், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் நோயாளியும் பயன்படுத்துகிறார். ஆண்ட்ராய்டில் இயங்கும் இச்செயலியின் சில திரைகள் இயல்பு நிரலாகவும், சில திரைகள் செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கங்களாகவும் எழுதப்பட்டுள்ளன. இன்று நம் ஊரில் உருவாகும் செயலிகளில் பல இந்தக் கலவைதான்.

எது வரை அளப்பது?

அளக்கத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, ‘திறந்துவிட்டது’ என்று எந்தக் கணத்தைச் சொல்கிறோம் என்பது. நிறுவனத்தின் முத்திரை தெரிந்த கணமா, வெற்றுக் கட்டங்கள் தெரிந்த கணமா, தகவல் வந்து சேர்ந்த கணமா? ஆண்ட்ராய்டு இதில் இரண்டு நேரங்களைப் பிரித்துத் தருகிறது. முதல் சட்டகம் (ஃபிரேம்) திரையில் வரையப்படும் வரையிலான நேரம் தானாகவே பதிவாகிறது. முழுமையாக வரையப்படும் வரையிலான நேரத்தை, ‘ரிப்போர்ட் ஃபுல்லி டிரான்’ என்ற அழைப்பின் மூலம் நிரலாளர்தான் அறிவிக்க வேண்டும். முதல் எண் எப்போதும் அழகாக இருக்கும் என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நலச் செயலிக்கு அந்த எண் ஏறக்குறைய பயனற்றது.

நாம் எடுத்துக்கொண்ட செயலியில், சரியான நோயாளியின் பெயர், அவருடைய கடைசி அளவீடு, அது எடுக்கப்பட்ட தேதி ஆகிய மூன்றும் ஒருசேரத் திரையில் தெரியும் கணத்தையே முடிவுக் கணமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தேதி இல்லாமல் வரும் எண், எவ்வளவு விரைவாக வந்தாலும், வந்ததாகக் கணக்கில்லை. இந்த வரையறையைச் செயலியை வடிவமைப்பவர், நிரல் எழுதுபவர், களத்தில் பயன்படுத்துபவர் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துவிட்டால், பின்னால் வரும் பாதி வாக்குவாதங்கள் எழவே எழா.

இணையப் பக்கமாக எழுதப்பட்ட திரைகளுக்குக் கூகுள் வகுத்த மூன்று அளவுகள் உள்ளன. திரையில் தெரியும் மிகப் பெரிய பகுதி வரையப்படும் நேரமான எல்சிபி 2.5 விநாடிக்குள் இருந்தால் நன்று. 4 விநாடியைத் தாண்டினால் மோசம். தொட்டதற்குத் திரை மறுவினை காட்டும் நேரமான ஐஎன்பி 200 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். 500ஐத் தாண்டக் கூடாது. 2024 மார்ச்சில்தான் இது எஃப்ஐடி என்ற பழைய அளவின் இடத்தைப் பிடித்தது. ஆகவே பழைய வழிகாட்டிகளில் எஃப்ஐடி என்று இருந்தால் அதை விட்டுவிடலாம். மூன்றாவது, திரையில் உள்ளவை இடம் பெயரும் அளவான சிஎல்எஸ், 0.1க்குள் நன்று, 0.25க்கு மேல் மோசம்.

செய்தித் தளத்திற்குச் சிஎல்எஸ் ஓர் எரிச்சல் மட்டுமே. நலச் செயலிக்கு அது ஆபத்து. காலை மாத்திரைக்கு எதிரே ‘எடுத்துக்கொண்டேன்’ என்ற பொத்தான் இருக்கிறது. விரல் அதை நோக்கி இறங்கும் அந்தக் கணத்தில், மேலே தாமதமாக வந்த ஓர் அறிவிப்புப் பட்டை மற்ற அனைத்தையும் கீழே தள்ளுகிறது. விரல் இப்போது படுவது, மேலிருந்து அந்த இடத்திற்கு இறங்கி வந்துவிட்ட வேறொரு மாத்திரையின் பொத்தானில். செயலியின் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே இருக்கும். எடுக்காத மாத்திரை எடுத்ததாக மருத்துவருக்குப் போய்ச் சேரும். தாமதமாக வரும் எந்தப் பகுதிக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைப்பதும், பொத்தான்களுக்கு மேலே எதையும் பிற்பாடு நுழைக்காமல் இருப்பதும் இதற்கான மருந்து. எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் முதியோரின் கைபேசியில் தமிழ் வரி ஆங்கில வரியைவிட விரைவில் மடிந்து இரண்டு வரியாகும் என்பதால், இடம் ஒதுக்கும்போது பெரிய எழுத்தை வைத்தே ஒதுக்க வேண்டும்.

மேசையில் அளத்தல்

அலுவலகத்தில் செய்யும் சோதனைக்குத் தேவையான முதல் பொருள், பயனரிடம் உள்ளதைப் போன்ற ஒரு கைபேசி. ஈரோடு, திருப்பூர் கடைவீதிகளில் அதிகம் விற்கும் விலையில், குறைந்த நினைவகமுள்ள கைபேசி ஒன்றை வாங்கி, அதில் வாட்ஸ்அப், யூடியூப், இரண்டு மூன்று பணப் பரிமாற்றச் செயலிகள் ஆகியவற்றை ஏற்றி, சேமிப்பிடத்தைப் படங்களாலும் காணொளிகளாலும் முக்கால் பங்கு நிரப்பி வையுங்கள். காலியான கைபேசியில் எடுக்கும் அளவு யாருடைய அனுபவத்தையும் குறிக்காது.

பிறகு, பயனருக்குப் போகும் வெளியீட்டுக் கட்டமைப்பையே (ரிலீஸ் பில்டு) நிறுவுங்கள். நிரலாளர் சோதனைக்கு வைத்திருக்கும் பிழைதிருத்தக் கட்டமைப்பு (டீபக் பில்டு) இயல்பாகவே மெதுவாக ஓடும். அதை அளந்துவிட்டுத் திருத்த முனைவது இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பதாகும். கைபேசியைக் கணினியிலிருந்து இயக்கும் ஏடிபி கருவியில் ‘ஆம் ஸ்டார்ட்’ கட்டளையை டபிள்யூ என்ற குறியோடு கொடுத்தால், செயலி தொடங்க எடுத்துக்கொண்ட நேரத்தை மில்லி விநாடியில் அதுவே அச்சிடும். கைபேசியின் நிகழ்வுப் பதிவான லாக்கேட்டிலும் ‘டிஸ்பிளேய்டு’ என்ற வரியில் இந்த நேரம் வரும். முழுமையாக வரையப்பட்டதை அறிவித்திருந்தால் அதற்கும் தனி வரி வரும். ஒவ்வொரு முறையும் செயலியை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டுத் திறந்தால் கிடைப்பது குளிர்ந்த தொடக்கம். பின்னணியில் இருந்ததை முன்னே கொண்டுவந்தால் சூடான தொடக்கம். இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். செயலிகளின் தரத்தைக் கண்காணிக்கும் கூகுளின் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் குளிர்ந்த தொடக்கத்திற்கு 5 விநாடி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பான தொடக்கத்திற்கு 2 விநாடி, சூடான தொடக்கத்திற்கு 1.5 விநாடி என்று மேல் எல்லைகள் வைத்திருக்கிறது. அவை அதற்கு மேல் போனால் மிகையானது என்று எச்சரிக்கும் எல்லைகள். நாம் எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல.

ஒரே முறை அளந்து முடிவுக்கு வரக்கூடாது. குறைந்தது பத்துப் பதினைந்து முறை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக மோசமான எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். சித்திரை வெயிலில் சூடேறிய கைபேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்கலச் சேமிப்பு முறையில் இருந்தாலும் அப்படியே. இந்த இரண்டு நிலைகளிலும் தனியாக ஒருமுறை அளப்பது வீண் வேலையன்று, ஏனென்றால் மதியம் வரை வீடு வீடாகச் சுற்றியவரின் கைபேசி பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கும்.

இணையத் திரைகளுக்கு, குரோம் உலாவியின் தொலைப் பிழைதிருத்த வசதியால் கைபேசியைக் கணினியோடு இணைத்து, செயலிக்குள் திறக்கும் பக்கத்தையே நேரடியாக ஆராயலாம். லைட்ஹவுஸ் கருவி கைபேசிக்கான சோதனையில் விநாடிக்கு 1.6 மெகாபிட் வேகம், சர்வருக்குப் போய்வர 150 மில்லி விநாடி, நான்கு மடங்கு மெதுவான பிராசசர் என்று பாவித்துக்கொள்கிறது. தொடக்கத்திற்கு இது போதும். ஆனால் திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறைச் சாலையிலும் சிக்னல் மெதுவாக இருப்பதோடு விட்டுவிட்டும் வருகிறது. மெதுவான இணைப்பைத் தாங்கும் செயலி, அறுந்து அறுந்து வரும் இணைப்பில் நிலைகுலையலாம். ஆகவே திரை பாதி ஏறியிருக்கும்போது விமானப் பயண முறையைப் போட்டு, சற்று நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். செயலி தானாக மீண்டும் முயல்கிறதா, சுற்றும் வட்டம் நிரந்தரமாக நின்றுவிடுகிறதா, அல்லது பயனர் வெளியேறித் திரும்ப வர வேண்டியிருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

களத்திலிருந்து வரும் எண்கள்

மேசைச் சோதனை காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும். யாருக்கு எவ்வளவு சிரமம் என்பதை உண்மைப் பயன்பாட்டின் அளவுகள்தான் காட்டும். ஃபயர்பேஸ் பெர்ஃபார்மன்ஸ் போன்ற கருவியையோ நீங்களே எழுதிய சிறு பதிவு முறையையோ கொண்டு, மேலே வரையறுத்த முடிவுக் கணம் வரையிலான நேரத்தைச் சேகரியுங்கள். நேரத்தைக் கணக்கிடக் கைபேசியின் நாட்கடிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள். நெட்வொர்க் நேரம் திருத்தப்படும்போது அது முன்னும் பின்னும் குதிக்கும். கைபேசி இயங்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் ‘எலாப்ஸ்டு ரியல்டைம்’ கடிகாரமே நம்பத்தக்கது.

வந்த எண்களின் சராசரியைப் பார்ப்பதில் பயனில்லை. கோவை நகரத்து ஆயிரம் வேகமான திறப்புகள், தாளவாடியின் நாற்பது மெதுவான திறப்புகளை எளிதில் மறைத்துவிடும். 75ஆம் சதமானம், அதாவது நூற்றில் எழுபத்தைந்து திறப்புகள் எந்த நேரத்திற்குள் முடிந்தன என்பதே மேற்சொன்ன இணைய அளவுகளுக்கும் அடிப்படை. நலச் செயலிக்கு 95ஆம் சதமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்களைப் பிரித்துப் பார்க்கும்போது ‘4ஜி’ என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். கைபேசியின் மேல் மூலையில் 4ஜி என்று எழுதியிருக்கும், பக்கமோ அசையாது. சர்வருக்குப் போய்வர உண்மையில் ஆன நேரத்தை வைத்துப் பிரிப்பதே பயன்தரும். அதோடு நினைவக அளவு, செயலியின் பதிப்பு, முதல் திறப்பா மறு திறப்பா என்பவை போதும்.

இதில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒரு கோணல் உண்டு. பொறுமையிழந்து பாதியில் செயலியை மூடியவருடைய திறப்பு முடிவுக் கணத்தை எட்டுவதே இல்லை. எனவே அது கணக்கில் சேர்வதில்லை. மிக மெதுவான திறப்புகள்தான் அதிகம் கைவிடப்படுகின்றன என்பதால், நிலைமை மோசமாக மோசமாக அறிக்கை அழகாகிக்கொண்டே போகும். தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனி நிகழ்வுகளாகப் பதிந்து, தொடங்கி முடியாதவற்றின் பங்கை ஒரு தனி எண்ணாக வெளியிடுங்கள். அது ஏறும்போது மற்ற எண்கள் இறங்குவதைக் கண்டு மகிழக்கூடாது. அதேபோல், சிக்னல் இல்லாத இடத்தின் பதிவுகளைக் கைபேசியிலேயே வைத்திருந்து, இணைப்பு வந்தபின் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மலை மீதான அனுபவம் அறிக்கையில் இடம்பெறவே பெறாது.

வேக அளவீட்டின் பெயரால் நோயாளியின் விவரம் வெளியே போய்விடக்கூடாது. திரையின் பெயரை ‘இன்சுலின் அட்டவணை’ என்றும், இணைய முகவரியில் நோயாளியின் எண்ணையும் வைத்து, அதை அப்படியே மூன்றாம் தரப்புக் கருவிக்கு அனுப்பினால், வேகத்தை அளந்ததோடு ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும் அறிவித்துவிட்டோம் என்று பொருள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது; அமெரிக்காவில் அதே ஆண்டு, பயனர்களின் நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குத் தெரியப்படுத்தியதற்காகக் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடி நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. திரைகளுக்குப் பொருள் தராத எண்களைக் கொடுப்பதும், இடத்தை மாவட்டத்திற்கு மேல் நுணுக்கமாகப் பதியாமல் இருப்பதும் போதுமான முன்னெச்சரிக்கைகள்.

நேரம் எங்கே கரைகிறது?

ஒரு புதிய இணைப்பில் முதல் பைட் வருவதற்கு முன் எத்தனை முறை சர்வருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முகவரியைத் தேட ஒன்று, டிசிபி இணைப்புக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.2 பாதுகாப்பு உடன்பாட்டுக்கு இரண்டு, கோரிக்கைக்கு ஒன்று என ஐந்து. போய்வரும் நேரம் 300 மில்லி விநாடி என்றால், சர்வர் கண நேரத்தில் பதில் தந்தாலும் ஒன்றரை விநாடி கழிந்துவிடும். 2018இல் தரப்படுத்தப்பட்ட டிஎல்எஸ் 1.3 அதில் ஒன்றைக் குறைக்கிறது. 2022இல் தரமாக வெளியான எச்டிடிபி 3 என்ற புதிய இணைய நெறிமுறை, இணைப்பையும் பாதுகாப்பு உடன்பாட்டையும் ஒன்றாகவே முடிப்பதால் இன்னொன்றையும் குறைத்து, 0.9 விநாடியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பை அறுக்காமல் தொடரவும் அதனால் முடியும். இந்த இரண்டும் முதலில் சர்வர் அமைப்பில் செய்யும் மாற்றங்கள்; இயல்பு நிரல் திரைகளில் எச்டிடிபி 3 வேண்டுமானால், அதை ஆதரிக்கும் இணைய நூலகத்தைச் செயலியிலும் சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, படங்களை ஓர் இடத்திலிருந்தும், எழுத்துருவை வேறோர் இடத்திலிருந்தும், தகவலை மூன்றாம் இடத்திலிருந்தும் கேட்டால், மேற்சொன்ன கணக்கு மூன்று முறை நடக்கும். முடிந்தவரை ஒரே முகவரியில் வையுங்கள். சர்வர் கடல் கடந்து இருக்கத் தேவையில்லை: அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் தில்லியிலும், மைக்ரோசாஃப்ட் அசூருக்குச் சென்னையிலும் மையங்கள் இருக்கின்றன.

ஆனால் நான் பார்த்த செயலிகளில் நேரம் அதிகம் கரையும் இடம் வேறு. ‘பயனர் யார்’ என்று ஒரு கோரிக்கை, அந்தப் பதில் வந்தபின் ‘இவருடைய நோயாளிகள் யார்’ என்று இன்னொன்று, பிறகு அளவீடுகள், பிறகு மாத்திரைகள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது கிளம்பும். நான்கு கோரிக்கைகள் வரிசையாகப் போனால், திறந்திருக்கும் இணைப்பிலும்கூட 300 மில்லி விநாடி வீதம் 1.2 விநாடி வெறும் பயணத்திலேயே போய்விடும். திரைக்குத் தேவையான அனைத்தையும் ஒரே கோரிக்கையில் தரும் வழியைச் சர்வரில் அமைத்தால் அது 0.3 ஆகிவிடும். சர்வருக்குள் எவ்வளவு நேரம் ஆனது என்பதைச் பதிலோடு செல்லும் ‘சர்வர் டைமிங்’ என்ற தலைப்புக் குறிப்பில் எழுதி அனுப்பச் செய்தால், குற்றம் வழியிலா சர்வரிலா என்ற வழக்கு அன்றே தீர்ந்துவிடும்.

சர்வரில்தான் குற்றம் என்றால், காரணம் அநேகமாகத் தரவுத்தளத்தில் இருக்கும். நோயாளி எண்ணும் தேதியும் சேர்ந்த அட்டவணைக் குறியீடு (இன்டெக்ஸ்) இல்லாமையும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி வினவல் போவதும் வழக்கமான இரண்டு காரணங்கள். இன்னொன்று நலச் செயலிகளுக்கே உரியது: காலை எட்டு மணி மாத்திரை நினைவூட்டல் எல்லாக் கைபேசிகளிலும் ஒரே விநாடியில் ஒலித்து, எல்லோரும் ஒரே நேரத்தில் சர்வரின் கதவைத் தட்டுவது. நினைவூட்டல் எட்டு மணிக்கே ஒலிக்கட்டும். சர்வரோடு தகவலை ஒத்துப்பார்க்கும் வேலையை மட்டும் ஒவ்வொரு கைபேசியும் சில நிமிடங்கள் முன்பின்னாகச் செய்யுமாறு சிதறடித்துவிடுங்கள்.

கைபேசியில் இருப்பதை முதலில் காட்டுதல்

இதுவரை சொன்ன அனைத்தையும் செய்தாலும், சிக்னலே இல்லாத இடத்தில் திரை திறக்காது. மிகப் பெரிய முன்னேற்றம், நெட்டுக்காகக் காத்திராமல், கடைசியாக வந்த தகவலைக் கைபேசியின் உள் தரவுத்தளத்திலிருந்து உடனே காட்டிவிட்டு, பின்னணியில் புதியதைக் கேட்டுப் பெறுவதில் இருக்கிறது. தன்னார்வலர் காலையில் கிளம்பும் முன், ஊரில் நல்ல சிக்னல் இருக்கும்போதே, அன்று போகவேண்டிய வீடுகளின் விவரங்களை இறக்கி வைத்துக்கொண்டால், மலையில் திரை நெட்டை எதிர்பார்க்கவே வேண்டியதில்லை.

செய்தி வாசிக்கும் செயலியில் இதை அப்படியே செய்யலாம். நலச் செயலியில் செய்யக்கூடாது. நேற்று மருத்துவர் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்க, இன்று கைபேசி பழைய அளவைப் பளிச்சென்று காட்டினால், அந்த வேகத்தால் விளைவது தீங்கு. எனவே தகவல்களைத் தரம் பிரிக்க வேண்டும். கடந்த மாதங்களின் அளவீடுகள், முகவரி, பழைய அறிக்கைகள் ஆகியவை மாறாதவை. தயக்கமின்றி உடனே காட்டலாம். மாத்திரை அளவு, ஒவ்வாமை, மருத்துவரின் புதிய அறிவுரை ஆகியவை மாறக்கூடியவை. அவற்றைக் காட்டும்போது ‘காலை 7:40 நிலவரம், இன்னும் சரிபார்க்கப்படவில்லை’ என்று அதே எழுத்தளவில், அதே வரியில் காட்ட வேண்டும். மங்கிய சாம்பல் நிறத்தில் மூலையில் எழுதினால் வெயிலில் ஒருவருக்கும் தெரியாது. புதிய தகவல் வந்து எண் மாறினால், ஓசைப்படாமல் மாற்றிவிடாமல், மாறியது என்பதையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை ஆள் மாறாட்டம் பற்றியது. கொங்கு நாட்டு வீடுகளில் ஒரே கைபேசியில் அப்புச்சியின் கணக்கும் அம்மாவின் கணக்கும் இருப்பது புதிதல்ல; தன்னார்வலரின் கைபேசியிலோ ஊர் முழுவதும் இருக்கும். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறும்போது, பழைய திரையின் எண்கள் அரை விநாடி அப்படியே நிற்க, மேலே பெயர் மட்டும் மாறிவிடுவது, அவசரமாக எழுதப்பட்ட நிரலில் அடிக்கடி நடப்பது. பெயரும் எண்ணும் ஒரே கணத்தில் மாற வேண்டும். அது முடியாதபோது எண் இருக்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். சேமித்து வைக்கும் தகவல் கைபேசியில் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதும், வெளியேறும்போது அழிக்கப்படுவதும், இணையத் திரைகளின் நோயாளி விவரங்களுக்குச் சர்வர் ‘நோ ஸ்டோர்’ என்று கட்டளையிட்டு உலாவிச் சேமிப்பில் தங்கவிடாமல் செய்வதும் இதோடு சேர்ந்தவை.

வாசலில் எடுத்த அளவீட்டைப் பதிவதற்கும் இதே முறைதான். சேமி என்று தொட்டதும் கைபேசியிலேயே எழுதப்பட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுக்கப்பட்டு, சிக்னல் வந்ததும், பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜர் வழியாக அனுப்பப்பட வேண்டும். அடையாள எண் இல்லாவிட்டால், அறுந்த இணைப்பில் மீண்டும் மீண்டும் முயலும்போது ஒரே அளவீடு இருமுறை பதிவாகிவிடும்.

சுமையைக் குறைத்தல்

எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் ஆகும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘சர்க்கரை’ என்ற சொல்லில் எட்டுக் குறியீடுகள் உள்ளன; அது 24 பைட். சர்வர் ஒவ்வொரு குறியீட்டையும் சாய்கோடும் எண்ணுமாக மாற்றி அனுப்பும் பழைய அமைப்பில் இருந்தால் 48 பைட். ஜிசிப் அல்லது புரோட்லி சுருக்கத்தை இயக்கினாலே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால் இதற்காகத் தமிழைக் கைவிட வேண்டிய அவசியம் எதுவுமில்லை. தலைப்புகள், மாத்திரை எடுக்கும் வேளைகள் போன்று திரும்பத் திரும்ப வரும் சொற்களைச் செயலிக்குள்ளேயே வைத்து, சர்வர் குறியெண்ணை மட்டும் அனுப்பினால் இன்னும் நல்லது. தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்கவும் வேண்டாம். இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அது இருக்கிறது. அழகுக்காக வேறு எழுத்துரு வேண்டும் என்று வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால், அது வரும்வரை கைபேசியின் எழுத்துருவில் எழுத்துகள் தெரியுமாறு அமைக்கச் சொல்லுங்கள்.

உண்மையான சுமை படங்களில் இருக்கிறது. பரிசோதனைக் கூட அறிக்கையைக் கைபேசியில் எடுத்த 4 மெகாபைட் படம், விநாடிக்கு 1.6 மெகாபிட் இணைப்பில் இறங்க 20 விநாடி ஆகும். பட்டியலில் சிறு உருவை மட்டும் காட்டி, தொட்டபின் பெரியதை இறக்குங்கள். வெப்பி வடிவம் எல்லாக் கைபேசிகளிலும் வேலை செய்யும். ஏவிஃப் ஆண்ட்ராய்டு 12 முதல் இயல்பாகத் திறக்கும். ஆனால் அறிக்கையின் பெரிய படத்தை அளவுக்கு மீறிச் சுருக்காதீர்கள். கிரியேட்டினின் 1.5 என்று அச்சாகியிருப்பதில் அந்தப் புள்ளி ஓரிரு படத்துளி அகலமே இருக்கும். சுருக்கத்தில் அது கரைந்தால் 15 என்று படிக்கப்படும். சுருக்கிய படத்தை வெளியிடும் முன், மங்கலான அச்சு உள்ள அறிக்கை ஒன்றை எடுத்து, சிறிய திரையில், அதை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

வரைபடங்களிலும் இதே கவனம் தேவை. ஓராண்டுச் சர்க்கரை அளவுகள் அனைத்தையும் வரைவது பழைய கைபேசிக்குச் சுமை. புள்ளிகளைக் குறைப்பது சரியே. ஆனால் வாரச் சராசரியாக்கிக் குறைத்தால், ஒரே ஒருநாள் 70க்குக் கீழே இறங்கிய அளவு மறைந்துபோகும். மருத்துவர் தேடுவது அந்தப் புள்ளியைத்தான். ஒவ்வொரு இடைவெளியிலும் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் விடாமல் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குறைக்கும் முறையைக் கையாளுங்கள்.

செயலியின் தொடக்கத்தில் தூக்கி எறியக்கூடியவை, விளம்பரம், பயன்பாட்டுப் பகுப்பாய்வு, அரட்டை உதவி என்று ஒவ்வொரு துறையும் கேட்டுச் சேர்த்த நிரல் நூலகங்கள். அவை எல்லாம் முதல் திரைக்கு முன்பே ஓட வேண்டியதில்லை. சில இருக்கவே வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டின் ஆர்8 கருவி கொண்டு பயன்படாத நிரலை நீக்குவதும், எந்த நிரலை முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டும் என்று கைபேசிக்குச் சொல்லும் பேஸ்லைன் புரொஃபைலைச் சேர்ப்பதும் குறைந்த உழைப்பில் நிறைந்த பலன் தருபவை. பின்னதால் நிரல் முதல் திறப்பிலிருந்தே சுமார் 30 விழுக்காடு வேகமாக ஓடும் என்பது கூகுளின் கணக்கு.

பெற்ற வேகம் கைநழுவாமல் இருக்க, தொடக்க நேரத்தைத் தானாக அளக்கும் மேக்ரோபெஞ்ச்மார்க் சோதனையை ஒவ்வொரு பதிப்புக்கும் அதே பழைய கைபேசியில் ஓட்டி, முந்தைய பதிப்பின் நடு எண்ணைவிடக் குறிப்பிட்ட அளவு கூடினால் வெளியீட்டை நிறுத்தும் விதியை வையுங்கள். எல்லை எவ்வளவு என்பதை முன்பே எழுதி வைக்காவிட்டால், வெளியீட்டு நாளில் ஒவ்வொரு முறையும் ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்ற பேரம் நடக்கும். பிளே ஸ்டோரில் புதிய பதிப்பை முதலில் நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் விடுத்து, 95ஆம் சதமான நேரத்தையும் முடியாத திறப்புகளின் பங்கையும் பழைய பதிப்போடு ஒப்பிடுங்கள். அந்த ஐந்து பேரில் மலைப்பகுதிப் பயனர்கள் போதிய அளவில் வந்திருக்கிறார்களா என்பதைப் பார்த்துவிட்டே, மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.